அறிவியல் நகரில் இறங்கி, வாய்க்கால் கரையால்

எங்களை இறக்கிவிட்ட ரயில் கண்ணுக்கு மறைந்து வெகு நேரமாகியும் தவராசா அண்ணை மேலே ஏறி வரவில்லை. அறிவியல் நகர்த் தரிப்பிடத்துக்குச் சற்றுத் தள்ளி, மழைவெள்ளம் ஓடுவதற்காக ரயில் பாதைக்கு அடியால் ஒரு மதகு கட்டியிருக்கிறார்கள். அந்த மதகடியில் இடுப்பளவு பற்றைக்குள் இறங்கி நின்று, சீமெந்துக் கட்டைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பாம்பு கிடக்கும். ஏறி வாங்கோ!" என்று மேலே நின்று கத்தினேன்.

"ஒரு நிமிசம், ரீச்சர்."

"உங்கட ஒரு நிமிசத்துக்குள்ள ரயில் கடைசித் தரிப்பிடத்துக்கே போய்ச் சேர்ந்திட்டுது."

பாக்கியக்கா அதற்குள் சாப்பாட்டுப் பையை அவிழ்த்துவிட்டார். நடக்கத் தொடங்குமுன்பே சாப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். றசாக் நானா தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "விடுங்க, வயித்துக்குள்ள ஏதும் கோளாறாக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பற்றைக்குள் இறங்கக்கூடாது என்பது என் முதலாவது சட்டம். அது அவருக்குத் தலைகீழாய்ப் பாடமாகுமளவுக்குச் சொல்லியிருந்தேன்.

கடைசியில் ஏறி வந்தார். கண் சிவந்திருந்தது. "இது புது மதகு" என்றார்.

"ரயில் திரும்ப விடேக்க எல்லாத்தையும் புதுசாத்தானே கட்டினவங்கள். அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்டுமில்லை. நடப்பம்."

அன்று முழுவதும் அவர் எங்களுக்கு முன்னால் தனியாகவே நடந்தார்.

ஒரு வாசகிக்குப் பதில்

போன கிழமை இந்தப் பத்தியில் என் முழங்கால் நோவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "ரயிலில் போய் நடக்கிறீர்களாமே, அதை எப்படி ஒழுங்கு செய்கிறீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சொல்லிவிட்டுத் தவராசா அண்ணையிடம் திரும்பி வருகிறேன்.

நான் பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி படிப்பித்து ஓய்வுபெற்றவள். ஓய்வுபெற்ற கையோடு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தது. ஊரையெல்லாம் ஓட வைத்தவளுக்கே இந்தக் கதியா என்று கிளினிக்கில் இருந்த தாதி சிரித்தாள். அங்கே வரிசையில் இருந்தவர்களைத்தான் நடைக்குச் சேர்த்தேன். டொக்டர் எல்லாருக்கும் "நடவுங்கோ" என்றுதான் சொல்லியிருந்தார். எங்கே நடப்பது என்று அவர் சொல்லவில்லை. கண்டி வீதியில் நடந்தால் சீனி வருத்தத்தில் சாகத் தேவையில்லை, பஸ்ஸே போதும்.

அதனால் ரயிலும் வாய்க்காலும். எல்லாத் தரிப்பிடத்திலும் நின்று போகிற காலை ரயில்தான் எங்களுக்கு உகந்தது. இறங்கும் இடத்துக்கும் திரும்ப ஏறும் இடத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓட வேண்டும். வாய்க்கால் கரையில் நிழல் உண்டு, நாய் குறைவு, லொறி இல்லை. வெயில் முதுகில் விழ வேண்டும். முகத்தில் அடித்தால் பாதிப்பேர் அடுத்த கிழமை வரமாட்டார்கள்.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் கரை வழுக்கும். வயலுக்குத் தண்ணீர் மாற்றுகிறவர்கள் மண்வெட்டியோடு நிற்பார்கள். அவர்களுக்குக் கதை கொடுத்தால் மத்தியானம் ஆகிவிடும். முறிகண்டிப் பக்கக் காட்டோரத்தில் யானை விட்டை பச்சையாகக் கிடந்தால் வீரம் பேசாமல் திரும்பிவிட வேண்டும். சட்டைப்பையில் இரண்டு ரொபி இருக்க வேண்டும், சீனி இறங்கித் தலை சுற்றினால் வாயில் போட.

மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கப்பால் ஓர் அடியும் இல்லை. பலகை இல்லாத இடத்திலும் கரையை விட்டுப் பற்றைக்குள் இறங்கக்கூடாது. மிதிவெடி எடுத்து முடிந்துவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். சொன்னவர்கள் வந்து முதலில் நடந்து காட்டட்டும். ஒன்றுக்கு இருப்பதானாலும் பாதையை ஒட்டித்தான். வெட்கத்தைவிடக் கால் பெரிது.

எங்கள் கூட்டத்தில் பத்துப் பேர் வரை வந்து போனார்கள். விடாமல் வந்தவர்கள் மூவர்தான். பாக்கியக்காவைச் சொல்லிவிட்டேன். றசாக் நானா முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருந்தவர். வடக்கிலிருந்து முஸ்லிம் சனம் வெளியேற்றப்பட்டபோது உடுத்த உடுப்போடு புத்தளம் போனவர், சண்டை முடிந்த பிறகுதான் திரும்பி வந்து கிளிநொச்சியில் சின்னதாய் ஒரு கடை போட்டார். மூன்றாவது ஆள் தவராசா அண்ணை, தானாக வந்து சேர்ந்தவர். தீவுப்பகுதியில் பிறந்து, யாழ்ப்பாணத்துப் பெரிய இடப்பெயர்வோடு இங்கே வந்து, குளத்துக்குக் கீழே ஒரு துண்டு வயலில் கமம் செய்கிறார். தனி ஆள். ஒரேயொரு மகள் கனடாவில்.

அவருக்குச் சீனி வருத்தமே இல்லை என்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன்.

தண்டவாளம் போன பிறகு

இந்த இடத்தில் பழங்கதை ஒன்று சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

நான் ரயிலைப் பார்த்து வளர்ந்தவள். சண்டை மூண்டு ரயில் நின்றபோது எனக்கு இளம் வயது. நின்ற ரயில் நாளைக்கு வரும், அடுத்த மாதம் வரும் என்று இருந்தோம். தண்டவாளத்தைக் கழற்றிப் பதுங்குகுழிக்குக் கூரை போட்டார்கள். சிலிப்பர்க் கட்டையும் அதே வழியில் போனது. கல்லை வேண்டியவர் வேண்டிய மட்டும் அள்ளினார்கள். மிஞ்சியது உயரமான ஒரு நீண்ட மேடு. அதற்கு "ரயில் ரோட்" என்று பெயர் நிலைத்தது.

அந்த ரயில் ரோட்டில் சனம் சைக்கிள் ஓடியது, விறகு கொண்டு போனது. நான் பிள்ளைகளை நெடுந்தூர ஓட்டத்துக்குப் பழக்கியதும் அதன் ஒரு துண்டில்தான். ஒரு தலைமுறையே ரயிலைக் காணாமல் ரயில் ரோட்டில் வளர்ந்தது. சண்டை முடிந்து திரும்பத் தண்டவாளம் போட்டு ரயில் விட்ட புதிதில், என் மாணவி ஒருத்தி பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்ரெயறிங் இல்லாம எப்பிடி ரீச்சர் திருப்புறது?" என்று கேட்டாள். சிரித்தோம். அந்த மாதமே, வழக்கம்போல மேட்டில் படுத்திருந்த மாடுகள் கூட்டமாக அடிபட்டுச் செத்தன. அதற்குப் பிறகு மனிதர்களும். பல வருடப் பழக்கத்தை ஒரு சத்தத்தில் விட முடியுமா?

முறிகண்டியில் கேட்டது

மதகடியில் நின்றதற்கு அடுத்த கிழமை முறிகண்டியில் இறங்கினோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஒரு மரத்தடியில் இருந்தோம். தவராசா அண்ணை கச்சானை உடைக்கிறார், ஆனால் வாயில் போடவில்லை. கோதும் பருப்புமாக மடியில் சேர்ந்துகொண்டிருந்தது.

நான் நேராகவே கேட்டேன். "உங்களுக்கு என்ன வருத்தம், அண்ணை? கிளினிக்கில உங்கட பேரே இல்லையாம். எதுக்கு எங்களோட நடக்கிறியள்?"

அவர் மடியைத் தட்டிக் கோதை உதறினார். பிறகு சொன்னார்.

"செல்வராணியைத் தேடுறன்."

செல்வராணி அவருடைய மனைவி. கடைசி இடப்பெயர்வில் அக்கராயன் பக்கமிருந்து உழவு மிசின் பெட்டியில் சாமான்களையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நல்ல மழை. ரோட்டில் ஷெல் விழுகிறதென்று முன்னால் போன பெடியள் "ரயில் ரோட்டால ஏத்துங்கோ, ரயில் ரோட்டால ஏத்துங்கோ" என்று கத்தியிருக்கிறார்கள். சனம் முழுக்க அந்த மேட்டில் ஏறியது. அங்கேயும் ஷெல் வந்தது. பெட்டியின் பின்பக்கம் நடந்து வந்த செல்வராணிக்குக் கழுத்தில் பட்டது. சத்தம் போடக்கூட நேரமிருக்கவில்லையாம்.

மகளை மாமிக்காரி உழவு மிசினோடு முன்னால் கொண்டுபோய்விட்டாள். தவராசா அண்ணையும் மைத்துனரும் நின்று, ஒரு மதகுக்கும் பெரிய மருதமரத்துக்கும் நடுவில், கட்டின் சரிவில் அவளைப் புதைத்தார்கள். அந்த மைத்துனர் முள்ளிவாய்க்காலைத் தாண்டி வரவில்லை. இடத்தை அறிந்த ஆள் உலகத்தில் இவர் ஒருவர்தான்.

"முகாமால விட்ட பிறகு வந்து பாத்தன். வெடி கிடக்கெண்டு ரயில் கரைக்குக் கிட்ட விடேல்லை. பிறகு விட்டாங்கள், அப்ப மரமெல்லாம் வெட்டிப்போட்டுத் தண்டவாளம் போட்டிட்டாங்கள். எனக்கு அடையாளம் பிடிபடேல்லை, ரீச்சர்."

அதோடு போயிருந்தால் அது அவருடைய துக்கம் மட்டும்தான். ஆனால் முகாமுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவோடு விட்டிருந்த மகள் துளசி, அப்போது சின்னப் பிள்ளை, ஒருநாள் தொலைபேசியில், "அம்மான்ர இடத்துக்குப் போனீங்களோ அப்பா?" என்று கேட்டிருக்கிறாள். இவர் "ஓம்" என்றுவிட்டார். குழந்தை அழாமல் இருக்கட்டும் என்று சொன்ன ஓம் அது. பிறகு அவள் கனடா போனாள். ஒவ்வொரு திதிக்கும் "அம்மான்ர இடத்தைக் காட்டுங்கோ" என்றாள். இவர் தன் வயலுக்குப் பின்னால் இருக்கிற சின்னக் குளக்கட்டில் ஒரு விளக்கைக் கொளுத்தி வைத்து, வீடியோவில் காட்டினார். ஒரு வருடமல்ல, எல்லா வருடமும்.

"இப்ப வாறாள். கலியாணம் சரிவந்திட்டுது. அதுக்கு முதல் அம்மான்ர இடத்தில தன்ர கையால விளக்கு வைக்கோணுமாம். அதுக்குள்ள நான் கண்டுபிடிக்கோணும்."

பாக்கியக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குத் தவராசா அண்ணையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, தலையைத் தடவிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "சரி, இனி ஒழுங்காத் தேடுவம்" என்றேன்.

ரயில் கரையில்

அதற்குப் பிறகு என் நடைகளின் குணமே மாறிவிட்டது. நிழல், வெயில், வாய்க்கால் எல்லாவற்றையும் விட்டேன். பாதையை ஒட்டிய மண் ரோட்டால் துண்டு துண்டாக நடந்தோம். முறிகண்டியிலிருந்து அறிவியல் நகர், அங்கிருந்து கிளிநொச்சி, பிறகு பரந்தன் பக்கமும். சீனி வருத்தக்காரர் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். "வெயிலுக்குள்ள செத்த வீட்டுக்குப் போற மாதிரிக் கிடக்கு" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். அவரில் பிழையில்லை.

மதகு காணும் இடமெல்லாம் தவராசா அண்ணை நிற்பார். இறங்க விடமாட்டேன். மேலே நின்று எட்டிப் பார்ப்பார். மருதமரம் நின்ற தடம் இருக்கிறதா, வெட்டிய குற்றி இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்றும் இராது. துளசி வரும் நாள் நெருங்க நெருங்க அவருடைய கன்னம் ஒட்டிப்போனது. ஒருநாள், "ஏதாவது ஒரு மதகடியைக் காட்டி இதுதான் எண்டு சொல்லட்டோ?" என்று என்னிடம் கேட்டார். நான் அடுத்த மதகை நோக்கி நடந்தேன்.

அந்த முடிச்சை அவிழ்த்தது றசாக் நானாதான், அதுவும் வேண்டுமென்று அல்ல. தண்ணீர் குடிக்கக் குந்தினவர், எழும்பும்போது ரயில் பாதைக் கல்லில் கையை ஊன்றி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். இரத்தத்தைத் துடைத்தபடி கேட்டார்:

"தவராசா, அண்டைக்கு எதால தோண்டினீங்க? மம்பெட்டி இருந்ததா?"

"மண்வெட்டி மிசின் பெட்டியோட போயிட்டுது. ஒரு சட்டி மூடி இருந்தது. மிச்சம் கையாலதான்."

"கையாலயா? இந்தக் கல்லுக்குள்ளயா?"

"கல்லை எல்லாம் அள்ளிக்கொண்டு போயிட்டாங்கள்தானே."

"மேல கிடந்த கல்லை அள்ளினாலும் இது வெள்ளைக்காரன் காலத்தில இருந்து ரயில் ஓடி ஓடி இறுகின கட்டு. நான் இந்த ரயில்ல எத்தனை துணிப் பொதி கொண்டந்தனான். சரிவிலயும் சல்லிதான். நகத்தால பிராண்டேலாது. அங்க மண் எப்பிடி இருந்திச்சு?"

தவராசா அண்ணை தன் கைகளைப் பார்த்தார். "களி மண். மழைக்கு இளகி... கையோட வந்தது."

"மருதமரம் வேற நிண்டது எண்டீங்க. மருது தண்ணிக் கரையில நிக்கிற மரம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீவில் பிறந்து ரயில் நின்ற பிறகு வன்னிக்கு வந்த மனிதர் இவர். அப்போது இந்தப் பக்கத் தண்டவாளத்தைக் கண்ணால் காணாதவர். "ரயில் ரோட்" என்று கத்திய பெடியளும் அப்படித்தான். தண்டவாளம் இல்லாத ரயில் மேட்டுக்கும், தண்ணீர் விடாமல் பற்றை மூடிக் கிடந்த வாய்க்கால் கட்டுக்கும் மழைக்குள் என்ன வித்தியாசம்? இரண்டும் உயரம், இரண்டும் நேர், இரண்டு பக்கமும் பள்ளத்தில் வெள்ளம். அவர்கள் ஏறியது ரயில் ரோட்டே அல்ல.

இத்தனை வருடமும் இந்த மனிதர் பிழையான மேட்டில் தேடியிருக்கிறார்.

கிளை வாய்க்கால்

அக்கராயன் பக்கமிருந்து வருகிறவர் ரயில் பாதைக்கு வருமுன் எந்த வாய்க்காலில் ஏறியிருக்கலாம் என்று யோசித்தால் ஒன்றிரண்டுதான் வரும். அடுத்த சனிக்கிழமை அறிவியல் நகரில் இறங்கி, ரயில் பாதைக்கு முதுகைக் காட்டி நடந்தோம். நானும் அவரும் றசாக் நானாவும் மட்டும். பாக்கியக்கா "எனக்கு அதைப் பாக்கேலாது" என்று நின்றுவிட்டார்.

கிளை வாய்க்கால் இப்போது வடிவாக இருக்கிறது. அகலமாக்கி, இரண்டு பக்கமும் கொங்கிறீற் போட்டு, கரையில் கிரவல் பரவி, நடப்பதற்கென்றே செய்தது போல. வேறு நாளென்றால் நான் துள்ளியிருப்பேன். கொஞ்சத் தூரத்தில் பழைய மதகு ஒன்று நின்றது. பக்கத்தில் புதிய கதவு வைத்துவிட்டதால் இதை இடிக்காமல் விட்டிருந்தார்கள். ஒரு மூலை உடைந்து உள்ளே இருந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தவராசா அண்ணை அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினார்.

"இதிலதான் குடையைக் கொழுவிப்போட்டுக் கிண்டினனான்" என்றார்.

மருதமரம் இல்லை. அது நின்ற பக்கம் முழுவதும் கொங்கிறீற். அதன்மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அருகில் வயலில் நின்ற கமக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். சிவபாதம் என்று பெயர். நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று றசாக் நானா சொன்னதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். உடனே திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"வாய்க்கால் அகலிக்கேக்க, மண் கிண்டுற பெக்கோவில வந்தது, அண்ணை" என்றார். "எலும்பு. மூண்டு பேரின்ர. அறிவிச்சா வேலையை நிப்பாட்டிப் போடுவாங்கள், தண்ணி வராது, போகம் போயிடும் எண்டு எல்லாரும் பயந்திட்டம். நாங்கள் ரண்டு மூண்டு பேராச் சேர்ந்து கூட்டி எடுத்து, அந்தா, அந்தப் பாலை மரத்துக்குக் கீழ வைச்சு மூடினனாங்கள். கற்பூரம் கொளுத்தினனாங்கள். சும்மா எறியேல்லை."

"மூண்டு பேரையும் ஒண்டாவோ?"

"ஓம் அண்ணை. ஆர், எவர் எண்டு பிரிக்க எங்களுக்குத் தெரியேல்லை. ஒரு பிளாஸ்ரிக் காப்புக் கிடந்தது. அதையும் உள்ளுக்கத்தான் போட்டது."

"அவ காப்புப் போடுறேல்லை" என்றார் தவராசா அண்ணை.

சிவபாதத்தை நான் திட்டத்தான் வாய் திறந்தேன். அவருடைய வயலில் நெல் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நின்றது. அந்தத் தண்ணீர் வராவிட்டால் அந்த நெல் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

உண்மையா, குளக்கட்டா

திரும்பி வரும் ரயிலில் எங்களுக்குள் பெரிய சண்டை.

"பிள்ளையிட்டை உள்ளதைச் சொல்லுங்கோ" என்றேன் நான். "இப்ப இடம் தெரியுந்தானே. கூட்டிக்கொண்டுவந்து காட்டுங்கோ."

"சொல்லாதீங்க" என்றார் றசாக் நானா. "அந்தப் புள்ளை இவ்வளவு காலம் கும்பிட்ட இடம் அதுக்கு உண்மைதான். குளக்கட்டுக்கே கொண்டுபோங்க. விளக்கை வைக்கட்டும். சந்தோசமாப் போய்க் கலியாணத்தை முடிக்கட்டும்."

"பொய்யில வைக்கிற விளக்கு ஆருக்கு நானா?"

"ரீச்சர், எங்கட வாப்பாவ அடக்கின கபுறு முல்லைத்தீவில. திரும்பி வந்து பாத்தா மையவாடியில காடு. நான் ஒரு இடத்தில நிண்டு துஆ கேட்டுட்டு வந்தன். அது வாப்பாதானா எண்டு நான் யாரிட்டயும் கேக்கல்ல."

ஆனாலும் நான் விடவில்லை. விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத ஆள் நான். தவராசா அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், இறங்கும்போது சொன்னார்: "சொல்லத்தான் வேணும். ஆனா நீங்களும் வாங்கோ, ரீச்சர். எனக்குத் தனியச் சொல்லத் துணிவில்லை."

துளசி

துளசி வந்தாள். தாயின் முகவெட்டு என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். தகப்பன் அவளுக்காக ஓர் அறைக்கு வெள்ளையடித்து, புது மெத்தை வாங்கி, குசினியில் காஸ் அடுப்பும் வைத்திருந்தார். வந்த அடுத்த நாள் காலையே வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு, பித்தளை விளக்கும் பூவும் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். "குளக்கட்டு வீட்டுக்குப் பின்னாலதானே, எதுக்கு ரயில்?" என்று கேட்டிருக்கிறாள். "வா பிள்ளை, சொல்லுறன்" என்றிருக்கிறார்.

ரயிலில் அவர் சொல்லவில்லை. வாய்க்கால் கரையிலும் சொல்லவில்லை. அவள் என்னோடு சந்தோசமாகக் கதைத்தபடி நடந்தாள். "எங்கட ஊரில இப்பிடி நடக்கிற இடம் இருக்கெண்டு எனக்குத் தெரியாது, ரீச்சர்" என்றாள். பாலை மரத்தடிக்கு வந்த பிறகுதான், மரத்தைப் பார்த்தபடி, அவள் முகத்தைப் பாராமல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

துளசி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்ப அந்தக் குளக்கட்டு?"

"அது சும்மா இடம், பிள்ளை."

"மண் கேட்டனான். பார்சலில அனுப்பினீங்கள். சாமியறையில வைச்சிருக்கிறன்."

மண் அனுப்பிய கதையை அவர் எங்களுக்கும் சொல்லியிருக்கவில்லை.

"இதுக்குள்ள அம்மா இருக்கிறா எண்டாவது நிச்சயமோ?"

"மூண்டு பேர் இருக்கினம். அம்மா இருக்கலாம்."

"நீங்கள் தேடவே இல்லையோ அப்பா?"

"தேடினனான். ரயில் கரையெல்லாம் வருசக்கணக்காத் தேடினனான்."

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. குரலும் உயரவில்லை.

"தேடுறன் எண்டு சொல்லியிருக்கலாமே" என்றாள். "நானும் தேடியிருப்பன். அம்மா எங்கையோ கிடக்கிறா எண்டு தெரியாம, நான் அங்க சந்தோசமா இருந்திட்டனே."

விளக்கு பைக்குள்ளேயே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. திரும்பித் தரிப்பிடம் வரை அவள் முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால். நான் எத்தனை வழி ஒழுங்கு செய்திருக்கிறேன், அந்த வழி போல நீண்ட வழி ஒன்றும் இல்லை.

ரயிலில் அவள் வேறு ஆசனத்தில் போய் இருந்தாள். கிளிநொச்சி வந்தது. நானும் தவராசா அண்ணையும் முதலில் இறங்கினோம். அவர் மேடையில் நின்று, அவள் இறங்குவதற்குக் கையை நீட்டினார். அவள் எழும்பவில்லை.

"நீங்கள் போங்கோ அப்பா. நான் யாழ்ப்பாணம் போறன், பெரியம்மா வீட்டை."

"பிள்ளை, பெட்டியெல்லாம் வீட்டில..."

ரயில் நகரத் தொடங்கியது. அவர் நீட்டிய கையைக் கீழே போடவில்லை. ரயில் போய் முடிந்த பிறகு நான்தான் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

அடுத்த நாள்

உண்மையைச் சொல்லச் சொன்னது நான்தான். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. றசாக் நானா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது சொன்னதைவிட மோசமாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் தவராசா அண்ணையைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். வெள்ளையடித்த அறை திறந்து கிடந்தது. மெத்தையில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விரிப்பு இழுத்து விடப்பட்டிருந்தது.

"வான் ஒண்டு வந்தது" என்றார். "ட்றைவர் மட்டும். பெட்டியை வாங்கிவரச் சொன்னவவாம்."

"குடுத்தனீங்களோ?"

"குடுக்காம? நான்தான் தூக்கி ஏத்தினனான். சரியான பாரம்." கதிரையை நிழலுக்கு இழுத்தார். "வந்த அண்டைக்கு, 'அப்பா, உங்களுக்குக் கன சாமான் கொண்டந்தனான், நாளைக்கு அம்மாவிட்டைப் போய் வந்து பெட்டியைத் திறப்பம்' எண்டவள். சேட்டோ, சப்பாத்தோ தெரியேல்லை. திறக்காமத்தான் அனுப்பினனான், ரீச்சர்."